ருசி பார்க்காத வாரங்கள்

கொட்டாஞ்சேனை
03.06.2025

திருமதி சுபோதினி கிருஷ்ணராஜ் அவர்களுக்கு,

இப்படித் தொடங்க எனக்கே சிரிப்பு வருகிறது. கம்பஸில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். அதற்குப் பிறகு நுகேகொடையில் ஒரே எலி அறைக்குள் ஒன்பது வருடம். இப்போது "அவர்களுக்கு". ஆனால் ஆய்வுகூட டிரெக்டருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த முறைப்பாட்டில் "திருமதி இமெல்டா ஒஸ்வால்ட், விலங்குக்கூடப் பொறுப்பாளர்" என்று என்னைப் போட்டிருக்கிறீர்களே, அந்த மரியாதையை நான் திருப்பித் தர வேண்டாமா?

கோல் எடுத்தால் வெட்டுகிறீர்கள். வட்ஸ்அப்பிலும் தடை போட்டிருக்கிறீர்கள். சரி, அதுவும் நல்லதுதான். அதில் எழுதினால் பாதியை வெட்டி ஸ்கிரீன்ஷொட் எடுத்து விசாரணைக்குக் கொடுப்பீர்கள். கடிதம் என்றால் முழுதாகத்தான் கொடுக்க வேண்டும்.

எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன், பிழையென்றால் திருத்துங்கள். நான்கு கூட்டம் எலி. ஒன்றுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்குச் சீனித் தண்ணீர், ஒன்றுக்குக் கப்பலில் வருகிற செயற்கை இனிப்புத் தூள், ஒன்றுக்குச் சீனித்துளசி இலைச் சாறு. எந்த இனிப்பு ஈரலைக் கெடுக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. தலைமை நீங்கள். தீன், தண்ணீர், கூடு எல்லாம் என் பொறுப்பு. இப்போது இலைச் சாறு குடித்த எலிகளின் ஈரல் கொழுத்துப் போயிருக்கிறது. ஆகவே நான் வேண்டுமென்றே சாற்றை மாற்றி ஊற்றினேனாம். இதுதானே?

விசாரணை முடியும்வரை என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசியில் கூப்பிடுவார்களாம். பிழை என் பக்கம் என்று முடிவானால் வேலை போகும். இந்த வயதில், எலி வளர்க்க மட்டும் தெரிந்தவளுக்குக் கொழும்பில் வேறு யார் வேலை தருவார்கள், சொல்லுங்கள்.

நீங்களோ முறைப்பாட்டைக் கொடுத்த அடுத்த நாளே முதுகு வலி என்று நீண்ட லீவில் போய்விட்டீர்கள். ஆகா, என்ன பொருத்தமான முதுகு! முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிய முதுகு.

ஒரேயொரு கேள்வி. நான் செய்தேன் என்று உண்மையிலேயே நம்புகிறீர்களா, அல்லது யாராவது எழுதச் சொன்னார்களா?

இமெல்டா

வெள்ளவத்தை
08.06.2025

இமெல்டா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாதான் வாசலில் வாங்கினார். அனுப்பியவர் பெயரைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தெடுத்துத்தான் என்னிடம் தந்தார். ஏன் என்று கேட்காதே.

என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது வரவில்லை, நீ என்றே எழுதுகிறேன். அதற்காக முறைப்பாட்டைத் திரும்ப எடுத்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே.

உன்னைக் குற்றவாளி என்று நான் எங்கும் எழுதவில்லை. கண்டதை எழுதினேன். பெப்ரவரி முடியும்வரை இலைச் சாறு குடித்த எலிகள் வெறும் தண்ணீர் குடித்தவை மாதிரியே இருந்தன. மார்ச் முதல் வாரம் முடிந்த கையோடு கொழுக்கத் தொடங்கின. சீனி குடித்தவை அதே நேரத்திலிருந்து இளைத்தன. வருடப்பிறப்புக்கு முதல் பாதி எலிகளை அறுத்து ஈரல் பார்த்தோமே, இலைக் கூட்டத்தின் ஈரல் மஞ்சளாக, விரலில் எண்ணெய் ஒட்டுகிற மாதிரி இருந்தது. லீவு முடிந்து புதுச் சாறு காய்ச்சிய பிறகு எல்லாம் மறுபடி பழையபடி. இப்படி ஒரு மாற்றம் எலியின் உடம்பில் தானாக வராது. இடையில் யாரோ சீனியை இலைக்கும் இலையைச் சீனிக்கும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

எலி அறைப் பூட்டின் திறப்பு உன்னிடமும் என்னிடமும் மட்டும்தான். நான் மாற்றவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க விருப்பமில்லை. இலைச் சாறு கூடாது என்று எங்கள் அறிக்கை வந்தால் யாருக்கு இலாபம்? செயற்கைத் தூளை இறக்குமதி செய்கிறவர்களுக்கு. உன் மனுசன் ஒஸ்வால்ட் வேலை செய்வது யாரிடம்? அந்தத் தூளைத் துறைமுகத்தில் இறக்கி எடுக்கிற கம்பனியில். நத்தாருக்கு அவர்கள் கொடுத்த கேக்கை நீதான் ஆய்வுகூடம் முழுக்கப் பங்கிட்டாய்.

நம்புகிறேனா என்று கேட்டாய். நம்பாமல் இருக்கத்தான் பார்த்தேன். எந்த வழியால் யோசித்துக்கொண்டு போனாலும் உன் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறேன். எனக்கு அது சந்தோசமா?

யாரும் எழுதச் சொல்லவில்லை. என் முதுகைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

சுபோதினி

கொட்டாஞ்சேனை
13.06.2025

சுபோதினி,

மரியாதையை விட்டுவிட்டேன். கோபத்தில் நீங்கள் நாங்கள் என்று எழுதினால் கைதான் வலிக்கிறது.

உன் கடிதத்தை ஒஸ்வால்டுக்கு வாசித்துக் காட்டினேன். "என்ன கதை இது, நான் எலிக்கு லஞ்சம் குடுத்தனாமோ?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுச் சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டார். அந்த மனுசனுக்குக் கொள்கலனுக்குள் என்ன இருக்கிறது என்று பில்லைப் பார்த்தால்தான் தெரியும். பொம்மை வந்தாலும் மருந்து வந்தாலும் அவருக்கு ஒன்றுதான். அவருக்குச் சீனி வருத்தம் இருப்பது, நாளும் மருந்து எடுப்பது உனக்குத் தெரியாதா? அந்தத் தூளைத் தேத்தண்ணீரில் போட்டுக் கொடுத்தால் "நாக்கில ஒட்டிக்கொண்டு கிடக்குது" என்று முகம் கழுவுகிற தொட்டிக்குள் ஊற்றுகிறவர். அவருக்காகத்தான் நான் இந்த ஆராய்ச்சி எப்போது முடியும் என்று உன்னைவிட அதிகமாகக் காத்திருந்தேன். எதைக் குடிக்கலாம் என்று என் வீட்டிலேயே ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கேக்கைப் பற்றி எழுதுகிறாய். இரண்டு துண்டு சாப்பிட்டாயே, அப்போது தொண்டையில் சந்தேகம் சிக்கவில்லையா?

சரி, என்னைத் துருவினாய். இனி என் முறை. சாறு காய்ச்சுகிறவள் யார்? நீ. அதைப் பிளாஸ்டிக் கானில் ஊற்றிக் குளிர் அறையில் வைக்கிறவள் யார்? நீ. மார்ச் மாதத்திலிருந்து உன் போக்கே சரியில்லை. கான் திறக்கிற நேரம் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாய். ஃபோனில் குசுகுசு என்று கதைத்துக்கொண்டிருப்பாய், நான் வந்தால் வெட்டுவாய். கைப்பையை ஒரு நிமிடம் கீழே வைக்கவில்லை, குழந்தையைத் தூக்கித் திரிகிற மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டே நடந்தாய். அதற்குள் என்ன இருந்தது? வேறு வேலைக்குக் கடிதமா? இலைச் சாறு விற்கிறவர்களா, தூள் விற்கிறவர்களா, உன்னை எடுக்கப் பார்ப்பது யார்? அல்லது நீயே ஒரு பிழையை விட்டு, அதைத் தூக்கி என் தலையில் கட்டுகிறாயா?

ஒன்று மட்டும் நேராகப் பதில் சொல்லு. இலைச் சாறும் சிவப்புச் சீனித் தண்ணீரும் ஒரே தேயிலைச் சாய நிறம். கண்ணுக்குப் பிடிபடாது. அதனால்தானே ஒவ்வொரு திங்களும் போத்தலில் ஊற்ற முதல் நீ ஒரு துளி நாக்கில் வைப்பாய், பிறகு நான் வைப்பேன். சட்டத்தில் இல்லாத வேலைதான். ஆனால் இலைக்கு அடிநாக்கில் ஒரு கசப்பு இருக்கும், சீனிக்கு இருக்காது. அந்தக் கசப்பை வைத்துத்தான் இவ்வளவு காலமும் பிழை விடாமல் வந்தோம்.

மார்ச்சில் நீ ருசி பார்த்தாயா?

இமெல்டா

வெள்ளவத்தை
17.06.2025

இமெல்டா,

ஏன் அதைக் கேட்கிறாய்?

"ஓம், பார்த்தேன்" என்று எழுதினால், விதியை மீறி ஆராய்ச்சிப் பொருளை வாயில் வைக்கிறவள் என்று என் கையெழுத்தோடு கொண்டுபோய்க் காட்டலாம். "இல்லை" என்று எழுதினால், கவனமில்லாதவள் என்று காட்டலாம். இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தியாகப் பார்த்து எடுத்திருக்கிறாய். கம்பஸிலேயே நீ கெட்டிக்காரிதான்.

நான் திருப்பிக் கேட்கிறேன். எனக்குப் பிறகு நீதானே பார்ப்பாய்? சாறு மாறியிருந்தால் உன் நாக்குக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தாய் என்றால் அதற்கு வேறு அர்த்தம் என்ன? இதை நான் முறைப்பாட்டில் எழுதவில்லை. எழுதியிருக்கலாம், இரண்டு பேரும் மாட்டுவோம் என்று விட்டேன். உன்னைக் காப்பாற்ற என்று நினைத்துவிடாதே, என்னையும்தான்.

கைப்பையைப் பற்றியும் ஃபோனைப் பற்றியும் உனக்கு நான் கணக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்குப் பிரஷர் ஏறுகிறது, இனி இந்தக் கடிதப் போக்குவரத்து வேண்டாம் என்று கிருஷ்ணராஜ் சொல்கிறார். அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சுபோதினி

கொட்டாஞ்சேனை
20.06.2025

சுபோதினி,

முதுகு வலிக்குப் பிரஷர் ஏறுமா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ எதையோ மறைக்கிறாய் என்பது மட்டும் விளங்குகிறது.

மறைக்கிறவள் நீ மட்டும் இல்லை என்பதால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் முதல் வாரம், மார்ச் முதல் வாரம் என்று உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். பிறகு சுவரில் தொங்குகிற கோயில் கலண்டரைப் பார்த்தேன். மார்ச் ஐந்து விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிற நாள். வருடப்பிறப்பு லீவு முடிந்து அந்த வாரமே பாஸ்கு, உயிர்த்த ஞாயிறு. ஐயோ மாதாவே என்று இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன்.

இந்தமுறை தவசுக்கு நான் இனிப்பை விட்டேன். சும்மா கேக்கையும் ரொபியையும் விடுகிற விடுகை இல்லை. உயிர்த்த ஞாயிறு வரை ஒரு துளி இனிப்பும் நாக்கில் படாது என்று கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு முன்னால் நேர்ந்துகொண்டேன். சீனியில்லாத வெறும் தேத்தண்ணீர்தான் குடித்தேன். ஆகவே அந்தத் திங்கட்கிழமைகளில் நான் சாற்றை நாக்கில் வைக்கவில்லை. நான் வர முதலே சுபோதினி பார்த்திருப்பாள்தானே என்று போத்தல்களை நிரப்பிக்கொண்டு போனேன்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு எண்ணம். அதனால் ஒஸ்வால்டுக்குக்கூட, வயிறு சரியில்லை, இனிப்பு வேண்டாம் என்றுதான் சொன்னேன். எதற்காக நேர்ந்தேன் என்று கேட்காதே, சொல்லமாட்டேன்.

இந்தக் கடிதத்தை நீ விசாரணையில் நீட்டினால் என் கதை அன்றோடு முடிந்தது. வேலையில் கவனக்குறைவு என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். ஒஸ்வால்ட் "பைத்தியமா உனக்கு, அதைக் கிழிச்சுப் போடு" என்று பக்கத்தில் நின்று கத்துகிறார். கிழிக்கவில்லை. உன்னோடு சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு எனக்குக் களைத்துவிட்டது.

இப்போது நீ சொல்லு. ஓமா, இல்லையா?

இமெல்டா

வெள்ளவத்தை
24.06.2025

இமெல்டா,

இல்லை. நானும் ருசி பார்க்கவில்லை.

முதுகு வலி பொய். எனக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது.

முன்பு இரண்டு தங்கவில்லை, உனக்குத் தெரியும். இரண்டாவது போனபோது வார்டில் என் காலடியில் இருந்தவள் நீதான். இந்தமுறை டொக்டர் படுக்கையை விட்டு இறங்கவே வேண்டாம் என்கிறார். மார்ச்சில் அந்தச் சாற்று மணம் வந்தாலே குடல் வாய்க்கு வந்தது. அதோடு பயம். இந்த இனிப்பெல்லாம் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்று நிச்சயமாகச் சொல்ல எனக்கே தெரியாது. எலிக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தானே. எதற்கு வம்பு என்று நாக்கில் வைக்கவில்லை. எனக்குப் பிறகு இமெல்டா பார்ப்பாள்தானே என்று விட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு படுத்தபடியே யோசித்தேன். மார்ச் முதல் வாரக் கடைசியில் குளிர் அறை ஒழுகியது ஞாபகமா? நீயும் நானும் எல்லாக் கானையும் வெளியே எடுத்து, மூடிகளைக் கழற்றி ஒரே துணியில் வைத்துத் துடைத்தோம். பெயர் ஒட்டியிருந்தது மூடியில் மட்டும்தான். கானில் ஒட்டினால் ஈரத்தில் உரிகிறது, மூடியில் ஒட்டு என்று சொன்னது நான். அன்றைக்கு மூடி மாறியிருக்கிறது. லீவுக்குப் பிறகு புதுச் சாறு நிரப்பும்வரை இலைக் கூட்டம் சீனியைத்தான் குடித்திருக்கிறது. வேறு ஒரு நேரத்தில் என்றால் அடுத்த திங்களே எங்கள் இரண்டு பேரில் ஒருவரின் நாக்காவது பிடித்திருக்கும்.

இனி எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், நீ உன்னுடையதை எழுதினாய்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அம்மா சொல்ல விடவில்லை. "இமெல்டா நல்ல பிள்ளைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பிள்ளைக்கு ஏங்கிற கண், படும். கண் அவள்ர சொல்லுக் கேக்குமே?" என்றார். சும்மா இருங்கோ அம்மா என்று நான் கோபித்தேன். ஆனால் சொல்லாமல்தான் விட்டேன். அம்மாவின் தலையில் எல்லாவற்றையும் போடமாட்டேன், எனக்கும் பயம் இருந்தது. நீ வயிற்றைப் பார்த்துவிடுவாய் என்றுதான் அந்தக் கைப்பை. ஆராய்ச்சியில் நிரூபிக்காத எதையும் நம்பாதே என்று கம்பஸ் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிற நான், உன் கண்ணுக்குப் பயந்து பையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். உன் கண்ணையே நம்பாதவள் உன் கையை எப்படி நம்புவாள்? அங்கேயிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

முப்பதாம் திகதி விசாரணையில் நான் பேசுவேன். படி இறங்க விடமாட்டார்கள், ஆகவே சூமில். மூடியைப் பற்றியும் ருசி பார்ப்பதைப் பற்றியும் முழுதாகச் சொல்லுவேன். தலைமைப் பொறுப்புப் போகும் என்று கிருஷ்ணராஜ் சொல்கிறார். போகட்டும்.

சுபோதினி

கொட்டாஞ்சேனை
04.07.2025

சுபோதினி,

நேற்றுத் திரும்ப வேலைக்குப் போனேன். இதை உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்.

திரையில் தலையணைக்கு நடுவில் உன் முகத்தைக் கண்டதும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நீ ருசி பார்க்கிற கதையைச் சொல்லத் தொடங்கியதும் டிரெக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒன்பது வருடமாகவா என்று கேட்டார். நீ "ஓம் சேர், ஒன்பது வருடமும்தான்" என்றாய். நீ இவ்வளவு தூரம் சொல்லுவாய் என்று நான் நினைக்கவில்லை. கடைசி நிமிடம்வரை, இவள் எங்கேயாவது வளைப்பாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அறிக்கை வெளியே போகாது. முழுவதையும் புதிதாகச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். உன் இடத்துக்கு வேறு ஆள் வருகிறார். இனிக் கானிலும் மூடியிலும் பெயர் இருக்க வேண்டும், மெசின் வைத்து இனிப்பை அளக்க வேண்டும், வாயில் வைத்தால் வேலை போகும். என் வேலையைக் காப்பாற்ற நீ உன்னுடையதைக் கொடுத்திருக்கிறாய். நன்றி என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

ஆனால் சந்தோசம் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை.

எதற்காக நேர்ந்தேன் என்று கேட்காதே என்றேனே, இப்போது சொல்கிறேன். எனக்கு ஒரு பிள்ளை தா என்று வருடம் வருடம் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. அந்தோனியாருக்கும் அலுத்திருக்கும். இந்தமுறை எனக்குக் கேட்கவில்லை. சுபோதினிக்கு ஒன்று தங்கட்டும் என்று கேட்டேன். நான் அங்கே முழங்காலில் நின்று கேட்டபோது அது ஏற்கெனவே உன் வயிற்றில் இருந்திருக்கிறது. நீ அதை என்னிடமிருந்து மறைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றிருக்கிறாய். நினைக்க நினைக்க நெஞ்சு வெந்து போகிறதடி.

கள்ள வேலை செய்தாய் என்று நீ சொன்னதைத் தாங்கிவிட்டேன். அதற்குப் பதில் இருந்தது, சொன்னேன். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? என் கண் நல்ல கண் என்று யாரிடம் கொண்டுபோய் நிரூபிக்க?

நேற்று நுகேகொடை பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்து இருந்தாள். சின்னப் பெண், நல்ல வடிவு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இறங்கும்வரை நிமிரவில்லை. வாழ்க்கையில் ஒருநாளும் நான் அப்படிச் செய்ததில்லை. உன் அம்மா சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் குனிந்தேன்.

ஆகவே பிள்ளை பிறந்து துடக்குக் கழியும்வரை நான் உன் வீட்டுப் பக்கம் வரமாட்டேன். இது கோபம் இல்லை. கோபமும் இருக்கிறது, ஆனால் இது அது இல்லை. ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் உன் அம்மா என்னை நினைப்பார். நானும் என்னைத்தான் நினைப்பேன். அதை என்னால் தாங்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இமெல்டா

வெள்ளவத்தை
08.07.2025

இமெல்டா,

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். நிற்பாட்டு என்று இரண்டு தரம் சொன்னார், நான் நிற்பாட்டவில்லை. நீ அந்தோனியாரிடம் கேட்ட இடம் வந்ததும் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். கனநேரம் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கதவடியில் வந்து நின்று, "அந்தப் பிள்ளை எப்ப வருதாம்?" என்று கேட்டார். "நீங்கள் சொன்னதாலதான் வரமாட்டாளாம்" என்றேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தாளை எழுதிக் கிழித்தேன். மன்னித்துவிட்டேன் என்று நீ பதில் எழுதினாலும் நான் நம்பமாட்டேன். அடுத்த பஸ்ஸிலும் நீ தலையைக் குனியத்தான் போகிறாய். அதை உனக்குத் தந்தவள் நான். கடிதம் எழுதி அதை எடுக்க முடியாது.

துடக்குக் கழியும்வரை இருக்க வேண்டாம். இந்த ஞாயிறு பூசை முடிந்து நேரே இங்கே வா. லிப்ட் இன்னும் திருத்தவில்லை, மூன்று மாடியும் ஏறித்தான் வர வேண்டும். அம்மா கதவு திறப்பார். அவரைக் கண்டதும் குனிந்துவிடாதே, நேராக அறைக்குள் வா.

எனக்குப் பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நீ உள்ளே வரும்போது என் நெஞ்சு இடிக்கத்தான் போகிறது. இடிக்கட்டும், அதற்காக நான் போர்வையை இழுத்து மூடமாட்டேன். கட்டிலில் என் பக்கத்திலேயே இரு. அவசரப்படாமல், கண் நிறையப் பார்த்துவிட்டுப் போ.

சுபோதினி